நியூ அமெரிக்கன் உணவகம்: அந்த ஒற்றைத் தாள் மெனுவை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இப்படி ஒரு ராத்திரி வந்தே தீரும். "இன்னைக்கு ஒரு நல்ல இடத்துக்குப் போய்ச் சாப்பிடலாம்" என்று காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். கூகுள் மேப்பில் கடைப் பெயருக்குக் கீழே 'நியூ அமெரிக்கன்' என்று போட்டிருக்கும். 'கிரியேட்டிவ் அமெரிக்கன்', 'கன்டெம்பரரி அமெரிக்கன்' என்றும் சில இடங்களில் பார்க்கலாம். மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். பர்கரும் பிரெஞ்சு ஃப்ரைஸும்தான் அமெரிக்கச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனால் திகைப்பாக இருக்கும்.

எங்களுக்கு அது தங்கை வீட்டுக்குப் போனபோது நடந்தது. மேஜையில் ஆளுக்கு ஒரே ஒரு தாள். படம் கிடையாது. மொத்தம் 15 வரி இருக்கும். ஒவ்வொரு வரியிலும் நாலைந்து பொருள்களின் பெயர், கடைசியில் வெறும் எண். டாலர் குறிகூட இல்லை. அம்மா தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல சாப்பாடு எதுடி?" என்று தங்கையிடம் கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பெயர். செட்டிநாடு என்றால் நமக்கு ஒரு மசாலா மணம் நினைவுக்கு வரும். சைனீஸ், இத்தாலியன் என்றாலும் சில பண்டங்கள் கண்ணில் தெரியும். நியூ அமெரிக்கன் என்பதற்கு அப்படி நிலையான பட்டியல் எதுவும் இல்லை. அது சமைப்பதில் ஒரு போக்கு. அந்த வட்டாரத்தில் அந்த வாரம் என்ன விளைந்ததோ அதை எடுத்துக்கொள்வார்கள். உலகத்தில் எந்த நாட்டுச் சமையல் உத்தி அதற்குப் பொருந்துமோ அதைக் கையாளுவார்கள். தட்டில் வரும்போது சாப்பிடுகிறவருக்கு ஏதாவது ஒரு பழகிய ருசி ஞாபகம் வர வேண்டும் என்றும் பார்ப்பார்கள். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் மெனுவில் பாதி புரிந்துவிடும்.

இது எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 1950களில் அமெரிக்க வீடுகளுக்குள் டப்பா உணவும், உறைய வைத்த 'டிவி டின்னர்' தட்டுகளும் வந்து நிறைந்தன. பெரிய ஊர்களில் உயர்தர உணவகம் என்றால் அது பிரெஞ்சு உணவகம். மெனுவும் பிரெஞ்சில்தான் இருக்கும். அமெரிக்க மண்ணில் விளைந்ததைப் பெருமையாகத் தட்டில் வைக்கும் வழக்கம் அந்த மாதிரி இடங்களில் அரிது.

1971 ஆகஸ்ட் 28 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 'ஷே பனீஸ்' என்ற சின்ன உணவகம் திறந்தது. நடத்தியவர் ஆலிஸ் வாட்டர்ஸ். அப்போது அவருக்கு 27 வயது. மாணவியாகப் பிரான்சில் இருந்தபோது, காலையில் சந்தையில் பார்த்த காய் மதியம் தட்டில் வருவதை ரசித்துச் சாப்பிட்டவர். அதையே தன் ஊரில் செய்ய நினைத்தார். முதல் நாள் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு: மாவுப் போர்வைக்குள் வேகவைத்த இறைச்சி, ஆலிவ் போட்ட வாத்துக் கறி, பிளம் பழ டார்ட். விலை 3 டாலர் 95 சென்ட். அன்றைக்கு என்ன சமைக்கிறோமோ அதுதான் சாப்பாடு என்பது நம் ஊர் மெஸ்களில் சாதாரண விஷயம். அங்கே அது புதுமையாக இருந்தது.

ஆலிஸ் வாட்டர்ஸ் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது பழத்தில் அவர் காட்டிய பிடிவாதம். நன்றாகப் பழுத்த பீச் கிடைத்தால் அதில் எதுவும் சேர்க்காமல், அப்படியே இனிப்பு முறைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். எந்தத் தோட்டத்துப் பழம் என்று மெனுவில் பெயர் இருக்கும். பண்ருட்டி பலா, சிறுமலை வாழை என்று சொல்லிச் சாப்பிட்ட நமக்கு அந்தப் பெருமை உடனே புரியும்.

அதே உணவகத்தில் செஃபாக இருந்த ஜெரமையா டவர் 1976-ல் ஒரு நாள் வட கலிபோர்னியாப் பொருள்களை மட்டும் வைத்து ஒரு விருந்து போட்டார். டொமாலஸ் விரிகுடாச் சிப்பி, மான்டரே விரிகுடா இறால் என்று ஊர்ப் பெயரோடு, பிரெஞ்சில் எழுதாமல், சாதாரண ஆங்கிலத்தில் மெனு எழுதினார். இன்றைக்கு நீங்கள் எந்த நியூ அமெரிக்கன் கடைக்குப் போனாலும் மெனுவில் பண்ணைப் பெயரும் ஊர்ப் பெயரும் வருகிறதே, அதன் மூலத்தை அந்த விருந்தில் பார்க்கலாம். அப்புறம் 1982-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஆஸ்திரியாவில் பிறந்த வூல்ஃப்காங் பக் 'ஸ்பாகோ'வைத் திறந்து, இத்தாலிய பீட்சாவின் மேல் புகைபோட்ட சால்மன் மீனை வைத்தார். இரண்டு நாட்டுச் சாப்பாடு ஒரே தட்டில் சேர்வதை அதன்பின் யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை.

சரி, மெனுவுக்கு வருவோம். அன்று எங்கள் தாளில் இருந்த ஒரு வரி கிட்டத்தட்ட இப்படி: விறகடுப்பில் சுட்ட கேரட், கேரட் இலை பெஸ்தோ, லப்னே, டுக்கா, தேன் — 17.

முதலில் வரும் பெயர்தான் அந்தத் தட்டின் தலைவர். மற்றவை எல்லாம் துணை. ஆக இது கேரட் பண்டம். 17 என்பது டாலர். சுட்ட கேரட் என்றால் முழுசாக, தோலோடு, ஓரம் கருகி உள்ளே இனிப்பு ஏறும்வரை வாட்டியது. பெஸ்தோ இத்தாலியில் துளசிக் குடும்பத்து இலையைப் பூண்டு, எண்ணெய், சீஸோடு அரைப்பது. இங்கே நாம் ஒடித்துத் தூக்கிப் போடும் கேரட் தழையை வைத்து அரைத்திருக்கிறார்கள். துவையல் என்று நினைத்துக்கொள்ளலாம். லப்னே மேற்காசியப் பண்டம். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்ததும் உப்புப் போட்டுக் குழைத்தது. டுக்கா எகிப்து நாட்டுப் பொடி: கொத்தமல்லி விதை, சீரகம், எள், ஏதாவது ஒரு கொட்டைப் பருப்பு எல்லாவற்றையும் வறுத்துக் கொரகொரப்பாக இடித்தது.

இப்போது அதே வரியை மறுபடி படித்துப் பாருங்கள். சுட்ட கேரட், தழைத் துவையல், கெட்டித் தயிர், வறுத்து இடித்த பொடி, மேலே ஒரு சொட்டுத் தேன். பயப்பட ஒன்றும் இல்லை.

தட்டு வந்தது. அடியில் வெள்ளையாகத் தயிர் தீற்றியிருந்தது. அதன் மேல் நாலு கேரட், குறுக்கே பச்சை, மேலே பொடி. அம்மா முதலில் கேரட்டை மட்டும் வெட்டி வாயில் போட்டு, "இனிக்குதே, உறைப்பே இல்லையே" என்றாள். தங்கை சொன்னாள்: "அப்படி இல்லம்மா. கேரட்டைத் தயிர்ல அழுத்தி, பச்சையத் தொட்டு, பொடியோட எல்லாம் ஒரே வாயில வரணும்." இரண்டாவது வாயில் அம்மாவின் முகம் மாறியது. இதுதான் இந்தச் சாப்பாட்டின் ரகசியம். நாம் சோற்றில் குழம்பு, பொரியல், அப்பளம் என்று கையால் சேர்த்துக் கலந்து ஒரு கவளம் செய்கிறோம். இங்கே செஃப் அந்தக் கவளத்தை மனதில் வைத்துத் தட்டை அடுக்கியிருப்பார். ஒவ்வொன்றையும் தனியாகச் சாப்பிட்டால் சப்பென்று இருக்கும்.

திரும்பத் திரும்ப வரும் வேறு சில சொற்களையும் சொல்லிவிடுகிறேன். 'ஹெய்ர்லூம்' என்றால் நாட்டு ரகம். விதை எடுத்து விதை எடுத்துப் பரம்பரையாக வந்தது. 'பிரவுன் பட்டர்' என்றால் அடி சிவக்கும்வரை காய்ச்சிய வெண்ணெய். மூடியைத் திறந்தால் நெய் காய்ச்சிய வாசனைதான் வரும். 'பிக்கிள்டு' என்றால் வினிகரில் ஊறியது, நம் ஊறுகாய் மாதிரிக் காரம் இருக்காது. 'கான்ஃபி' என்றால் கொழுப்பிலோ எண்ணெயிலோ மெல்லிய சூட்டில் வெகுநேரம் வெந்தது. 'கிரிட்ஸ்' மக்காச்சோள ரவையில் காய்ச்சிய கூழ். தென் மாநிலங்களில் அதன் மேல் இறாலை வைத்துத் தருவார்கள். விலை இருக்க வேண்டிய இடத்தில் 'மார்க்கெட் பிரைஸ்' என்று இருந்தால் கூச்சப்படாமல் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். அன்றைய மீன் விலைக்குத் தக்கபடி அது எங்கேயோ போய் நிற்கும்.

'ஆன்ட்ரே' என்ற சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. பிரெஞ்சில் அது முதலில் வரும் பண்டம். அமெரிக்காவில் அதுதான் முக்கியச் சாப்பாடு. 'ஸ்மால் பிளேட்ஸ்' என்று போட்டிருந்தால் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவது. ஆளுக்கு இரண்டு மூன்று தட்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்ததும் சர்வர் தண்ணீர் பற்றிக் கேட்பார். 'ஸ்டில்', 'ஸ்பார்க்ளிங்' என்று எதைச் சொன்னாலும் பல இடங்களில் பாட்டில் வரும், பில்லிலும் ஏறும். 'டேப் வாட்டர்' என்றால் இலவசம். குழாய்த் தண்ணீர்தான், தயங்காமல் குடிக்கலாம். ஐஸ் வேண்டாம் என்றால் முன்னாலேயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பனிக்காலத்தில்கூட டம்ளர் நிறைய ஐஸோடுதான் வரும்.

சைவக்காரர்களுக்கு

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் அம்மா சைவம். மெனுவில் 'காய்கறி' என்ற தலைப்பின் கீழ் இருப்பதெல்லாம் சைவம் என்று நம்பிவிடக் கூடாது. பல செஃப்களுக்குக் காய்கறிப் பண்டம் என்றால் காய் முதன்மையாக வருவது, அவ்வளவுதான். பூசணி சூப்பின் அடியில் கோழி ஸ்டாக், அதாவது கோழி எலும்பை வேகவைத்து எடுத்த சாறு, இருக்கலாம். கீரை பன்றிக் கொழுப்பில் வதங்கியிருக்கலாம். தென் மாநிலங்களில் கொலார்ட் கீரையைப் பன்றிக்கால் எலும்போடு வேக வைப்பது பழைய வழக்கம். சீசர் சாலட்டின் சாஸில் நெத்திலி மாதிரியான ஆன்சோவி மீன் அரைத்திருக்கும். பார்மஜான் சீஸை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் சேர்க்கிறார்கள். சில இனிப்புகளில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு.

ஒரு இடத்தில் அம்மா ஆசையாகக் கேட்ட வெள்ளை பீன்ஸ் பண்டத்தைத் தட்டு வந்த பிறகுதான் விசாரித்தோம். பன்றி இறைச்சியோடு வெந்தது என்று தெரிந்தது. சர்வர் மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தார், ஆனால் அம்மாவுக்கு அதன்பின் சாப்பாடு இறங்கவில்லை. இன்னும் அது எனக்கு மனவருத்தம்தான். ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே, "மீன், இறைச்சி, அவற்றின் ஸ்டாக், கொழுப்பு எதுவும் கூடாது; பால், தயிர் பரவாயில்லை" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். முட்டை கூடுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் 'வெஜிடேரியன்' என்று சொன்னால் முட்டை போடலாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மாட்டிறைச்சி மட்டும் தவிர்ப்பவர்களும் அதைத் தெளிவாகச் சொல்வது நல்லது.

அதைவிட நல்ல வழி, ரிசர்வேஷன் போடும்போதே எழுதிவிடுவது. ஓப்பன்டேபிள், ரெஸி போன்ற செயலிகளில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும். முன்கூட்டித் தெரிந்தால் இந்த மாதிரி உணவகங்களில் தனியாக யோசித்துச் சமைத்துத் தருவார்கள். ஏற்கெனவே தயாராக இருக்கும் மசாலாவில் புரட்டிக் கொடுக்கும் கடை இல்லை இது, அன்றன்றைக்குச் சமைப்பது. சொன்னால் கேட்பார்கள்.

டேஸ்டிங் மெனு

இதே போக்கின் உச்சியில் இருக்கும் உணவகங்களில் தேர்ந்தெடுக்கும் வேலையே உங்களுக்கு இருக்காது. 10, 15 சின்னச் சின்னப் பண்டங்கள் வரிசையாக வரும். முழு விலையையும் முன்பணமாகக் கட்டிவிட்டுப் போகும் இடங்களும் உண்டு. கலிபோர்னியாவின் யவுன்ட்வில் என்ற சின்ன ஊரில் இருக்கும் 'தி ஃப்ரெஞ்ச் லாண்டரி'யை 1994-ல் தாமஸ் கெல்லர் எடுத்து நடத்த ஆரம்பித்தார். அங்கே முதலில் வருவது கையில் பிடித்துச் சாப்பிடும் ஒரு குட்டிக் கோன். உள்ளே ஐஸ்கிரீமுக்குப் பதில் பொடியாக நறுக்கிய சால்மன். ஐஸ்கிரீம் கடையில் கோனைக் கையில் வாங்கியபோது தோன்றிய யோசனை என்று கெல்லரே சொல்லியிருக்கிறார். குழந்தை வயதில் கோன் கையில் வந்தால் வரும் சந்தோஷத்தை முதல் வாயிலேயே கொடுத்துவிடுகிறார்.

அவருடைய இன்னொரு பண்டத்தின் பெயர் 'சிப்பியும் முத்தும்'. சிப்பி நிஜச் சிப்பி. முத்து எது தெரியுமா? ஜவ்வரிசி! பாலிலும் க்ரீமிலும் வெந்த ஜவ்வரிசியின் மேல் சிப்பியும் மீன்முட்டையும் உட்கார்ந்திருக்கும். நம் வீட்டில் பாயசத்துக்கும் வடகத்துக்கும் வாங்குகிற அதே ஜவ்வரிசி.

கெல்லரிடம் வேலை பார்த்த கிராண்ட் அகாட்ஸ் 2005-ல் சிகாகோவில் 'அலினியா'வைத் திறந்தார். ஆப்பிள் சாற்றுப் பாகில் ஊதி, ஹீலியம் அடைத்த பலூன் ஒன்று மேஜையில் மிதந்து வரும்; நூலோடு சேர்த்துச் சாப்பிடலாம். இனிப்பைத் தட்டில் வைக்காமல் மேஜை மேலேயே ஓவியம் மாதிரித் தீட்டுவார்கள். 2007-ல் அகாட்ஸுக்கு நாக்கில் புற்றுநோய் வந்தது. சிகிச்சையில் ருசி முழுசாகப் போய், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ருசி தெரியாத அந்த நாட்களிலும் தன் சமையல்காரர்களின் நாக்கை நம்பிச் சமையலை நடத்தினார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பலூனை வெறும் வேடிக்கையாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நியூயார்க்குக்கு வடக்கே 'ப்ளூ ஹில் அட் ஸ்டோன் பார்ன்ஸ்' ஒரு பண்ணைக்குள்ளேயே இருக்கிறது. அதன் செஃப் டான் பார்பர், கார்னல் பல்கலைக்கழகத்தில் விதை ரகங்களை உருவாக்கும் மைக்கேல் மசுரெக்கிடம், ருசியான ஒரு பூசணி செய்து தர முடியுமா என்று கேட்டார். அதிலிருந்து வந்த கைக்கு அடக்கமான 'ஹனிநட்' பூசணி இன்று சாதாரணக் காய்கறிக் கடைகளிலேயே கிடைக்கிறது. சமையல் அடுப்பில் தொடங்குவதாக நினைத்த என்னை விதைவரை கூட்டிப்போன பூசணி அது.

அமெரிக்கா என்றால் எது?

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது மினியாபொலிஸ் நகரத்தில் 2021-ல் திறந்த 'ஓவாம்னி'. ஓக்லாலா லகோட்டா பழங்குடியைச் சேர்ந்த ஷான் ஷெர்மன் தொடங்கியது. ஐரோப்பியர்கள் வந்த பிறகு அந்தக் கண்டத்துக்குள் நுழைந்த கோதுமை, கரும்புச் சர்க்கரை, பால், மாடு, பன்றி, கோழி எதையும் சமையலில் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். காட்டெருமை, மக்காச்சோளம், பூசணி, பீன்ஸ், மேப்பிள் பாகு, காட்டரிசி இவைதான் அங்கே. காட்டரிசி நம் நெல்லுக்குத் தூரத்து உறவு. ஏரித் தண்ணீரில் தானாக வளரும். ஒருவர் படகைத் தள்ள, இன்னொருவர் குச்சியால் கதிரை வளைத்துத் தட்டி, மணிகளைப் படகுக்குள் உதிர்த்து எடுப்பார்கள். 2022-ல் அமெரிக்கா முழுக்கச் சிறந்த புது உணவகம் என்று, அந்த நாட்டு உணவகத் துறையின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது இதற்குக் கிடைத்தது.

ஓவாம்னியைப் பற்றிப் படித்தபோதுதான் நம் அஞ்சறைப் பெட்டியை நான் மறுபடி யோசித்தேன். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, ஜவ்வரிசிக்கு மூலமான மரவள்ளி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி நம்மிடம் வந்தவை. அந்தப் பொருள்களோடு நமக்குப் பல தலைமுறைப் பழக்கம் இருக்கிறது.

இந்த வழியில் நம்மவர்களும் நடக்கிறார்கள். நியூயார்க்கின் 'செம்ம' உணவகத்தில் செஃப் விஜய் குமார் நத்தைப் பிரட்டலைத் தயங்காமல் மெனுவில் வைத்தார். அது இந்திய உணவகம்தான். ஆனாலும் சொந்த ஊர் வயலில் பிடித்துச் சாப்பிட்டதை அப்படியே கொண்டுவந்து வைக்கும் துணிச்சல் இதே மரபைச் சேர்ந்தது. 2025-ல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப் என்று அவருக்கும் ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது.

கடைசியாக பில். மெனுவில் பார்த்த விலையோடு முடியாது. நியூயார்க் நகரத்தில் 120 டாலருக்குச் சாப்பிட்டால் 8.875 சதவீத வரி 10 டாலர் 65 சென்ட். 20 சதவீத டிப்ஸ் 24 டாலர். ஆக 154 டாலர் 65 சென்ட். டிப்ஸ் நம் ஊர் மாதிரி இஷ்டப்பட்டுக் கொடுப்பதாக அங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்க வேண்டிய கூலி, மத்தியச் சட்டப்படி, மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991 முதல் அது மாறவே இல்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் முழுக் குறைந்தபட்சக் கூலியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. மற்ற பல இடங்களில் உங்களுக்குத் தட்டு கொண்டுவந்தவரின் வீட்டு வாடகை உங்கள் டிப்ஸிலிருந்துதான் போகிறது. 18 முதல் 20 சதவீதம் என்பது வழக்கம். கூட்டமாகப் போனால் அதை அவர்களே பில்லில் சேர்த்திருக்கலாம். இரண்டு தடவை கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீந்ததை டப்பாவில் கேட்டு வாங்கிக்கொள்வது அங்கே சாதாரணம். நாங்களும் வாங்கினோம். அம்மாவின் மனதில் டப்பாவைவிடத் தழைதான் நின்றுவிட்டது போலிருக்கிறது. மறுநாள் காலை தங்கை கடையிலிருந்து தழையோடு கட்டாக வாங்கி வந்த கேரட்டைக் கழுவித் தழையை ஒடித்தபோது, "அதைக் குப்பையில போடாதே" என்று அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் உளுத்தம்பருப்பு, நாலு காய்ந்த மிளகாய், ஒரு சுளை புளி, தேங்காய். தழையை எண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கி அரைத்தாள். லேசாகக் கசந்தது; புளியைக் கொஞ்சம் கூட்டியதும் சரியாகிவிட்டது.